மேய்ச்சல் நிலத்திற்கும் ஓய்வு வேண்டும்

கறவை ஆடு வளர்ப்போருக்கான பாடம்

நம் தோட்டப்புறங்களில் ஆடு வளர்ப்பது புதிய தொழிலன்று. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் வாழ்ந்த குடும்பங்கள் லயத்தின் பின்புறம் இரண்டு மூன்று ஆடுகளைக் கட்டி வளர்த்தன. பிள்ளைகளுக்குப் பாலும், திருவிழாவுக்குக் கிடாயும், அவசரத் தேவைக்குக் கைப்பணமும் அவற்றால் கிடைத்து வந்தன. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தவர்களுள்ளும் சிலர் இத்தொழிலைக் கைவிடவில்லை. இறைச்சிக்காக மட்டுமன்றிப் பாலுக்காகவே ஆடு வளர்ப்போரும் இப்போது இருக்கின்றனர். ஜமுனாபாரி, சானன், ஆங்கிலோ நூபியன் ஆகிய இனங்களும் அவற்றின் கலப்புகளும் அவர்களுடைய கொட்டகைகளில் நிற்கின்றன.

இத்தகையோரிடம் பேசினால் ஒரே முறையீட்டை அடிக்கடி கேட்கலாம். ஆடு ஈன்ற முதல் மாதத்தில் பால் நன்கு சுரக்கிறது; இரண்டாம் மாதத்திலேயே குறையத் தொடங்குகிறது. குட்டிகளோ பால்குடி மறக்கும் பருவத்தில் மெலிந்து, மயிர் சிலிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கின்றன. இனம் சரியில்லை என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். கூடுதல் பணம் கொடுத்து வேறோர் ஆடு வாங்கிவந்து கட்டுவாரும் உண்டு. புதிய ஆட்டிற்கும் அதே கதிதான் நேர்கிறது. ஏனெனில் அதுவும் அதே திடலில், அதே புல்லைத்தான் நாள்தோறும் மேய்கிறது. குறையைத் தேட வேண்டிய இடம் அந்தத் திடல்.

ஆட்டின் வாய் எதைத் தேடுகிறது?

மாட்டிற்குப் பழகிய கண்ணோடு ஆட்டைப் பார்ப்பதே முதல் தவறு. மாடு நாவினால் புல்லை வளைத்து வாரி உண்ணும். ஆடோ அசையும் மேலுதட்டினால் தளிரையும் இலையையும் தேர்ந்து பறிக்கும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை வளைக்கும். இடம் கிடைத்தால் அது தலைக்கு நேராகவும் தலைக்கு மேலும் உள்ள இலையைத்தான் முதலில் நாடும். தரையை ஒட்டிய புல் அதற்குக் கடைசி உணவு. வேறு வழியில்லாத ஆடுதான் குனிந்து வேரோடு கரண்டும். அவ்வாறு கரண்டும் ஆட்டைக் கண்டு, “நன்றாக மேய்கிறது” என்று மகிழ்வதற்கில்லை.

ஆட்டிற்கு எவ்வளவு தீனி வேண்டும் என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள கறவை ஆட்டிற்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு 4 பங்கு, அதாவது 1.6 கிலோ உலர்ந்த தீனி தேவை. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். ஆகவே அந்த 1.6 கிலோவைப் பெற ஆடு 8 கிலோ பச்சைத் தீனியை உண்ண வேண்டும். மழைக்காலத்து இளம்புல்லில் நீர் இன்னும் மிகுதியாதலால் 10 கிலோவும் போதாது. குட்டையாகக் கடிபட்டுக் கிடக்கும் திடலில் இரண்டு மணி நேரம் நின்று இவ்வளவையும் ஓர் ஆடு உண்டுவிட இயலாது. அதன் வயிறு பெருத்துத் தோன்றலாம். அவ்வயிற்றில் இருப்பதில் பெரும்பகுதி நீர். பால் குறைவதற்கு இதுவே போதிய காரணம்.

தோட்டத்துத் தரையில் தீனிக்குப் பஞ்சமில்லாத காலமும் உண்டு, பஞ்சமான காலமும் உண்டு. ரப்பர் மறுநடவு செய்த முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் வெயில் தரையில் விழுவதால் மூடுபயிர்க் கொடிகளும் புல்லும் செழிக்கும். பியூரேரியா, சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளை ஆடுகள் விரும்பி உண்ணும். மயிர் அடர்ந்த கலப்பகோனியத்தை அவ்வளவாக நாடுவதில்லை. மரங்கள் ஐந்தாறு வயதை அடைந்து கிளைகள் கூடிய பிறகு நிழல் மூடிவிடுகிறது. ரும்புட் பரிட், ரும்புட் கெர்பாவ் போன்ற நிழல் தாங்கும் புற்களே அங்கு எஞ்சுகின்றன. அவற்றின் அளவும் சொற்பம். செம்பனைக் காட்டிலும் ஏறத்தாழ இதே நிலைதான். களையென்று தோட்ட நிர்வாகங்கள் வெறுக்கும் ரும்புட் இஸ்ராயில் மட்டும் நிழலிலும் தழைக்கும். அது ஆட்டிற்கு நல்ல தீனி என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவர்.

இளங்கன்று நட்ட பகுதிக்குள் ஆடுகளை விடவே கூடாது. ரப்பர்க் கன்றின் பட்டையையும் செம்பனைக் கன்றின் ஓலையையும் அவை கடித்துப் பாழாக்கும். நிர்வாகத்தோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, ஆடு வளர்ப்பதற்கே தடை வருவதற்கு இத்தகைய ஒரு நாள் கவனக்குறைவு போதும். எந்த நிரையில் மேய்க்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு இசைவு பெறுதல் வேண்டும்.

புல்லடியில் காத்திருக்கும் பகை

இனி, குட்டிகள் இறப்பதற்கான காரணத்திற்கு வருவோம். ஆட்டின் நான்காம் இரைப்பையில் குடியேறி இரத்தத்தை உறிஞ்சும் புழு ஒன்று உண்டு. ஹெமோங்கஸ் என்பது அதன் பெயர். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழு, ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு இரத்தமே. ஆனால் ஐந்நூறு புழுக்கள் சேர்ந்தால் அது நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர் ஆகிறது. பத்துக் கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஒரு லிட்டருக்குக் குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால், அக்குட்டி ஏன் சில வாரங்களில் சாய்கிறது என்பது விளங்கும்.

புழு என்றாலே கழிச்சல் காணும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இப்புழுவால் பெரும்பாலும் கழிச்சல் உண்டாவதில்லை. புழுக்கை கெட்டியாகவே விழும். கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தால் சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருக்கும். நோய் முற்றினால் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். அந்த நிலைக்கு வரும்வரை காத்திராமல், வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் இமையையும் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். இமையின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுச் சோகையை அளவிடும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டு இன்று பல நாடுகளில் வழங்குகிறது.

புழுவின் பிறப்பு வளர்ப்பில் நமக்குத் தேவையான பகுதி ஒன்றே. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அவை புழுக்கையோடு வெளியேறித் தரையில் விழுகின்றன. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் அவை பொரித்து, வளர்ந்து, ஆட்டைத் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகிப் புல்லின் மீது ஏறிவிடுகின்றன. பெரும்பாலும் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஈரமான புல்லடியில்தான் அவை தங்குகின்றன. குனிந்து கரண்டும் ஆடு அவற்றைப் புல்லோடு விழுங்குகிறது. உயரத்தில் உள்ள இலையை உண்ணும் ஆட்டிற்கு இந்த இடர் மிகக் குறைவு.

ஈன்ற தாய் ஆட்டின் நிலை இங்குக் குறிப்பிடத்தக்கது. ஈனுவதற்குச் சற்று முன்னும் பால் சுரக்கும் முதல் வாரங்களிலும் அதன் எதிர்ப்பாற்றல் தளர்கிறது; புழுக்கையில் வெளியேறும் முட்டைகள் பெருகுகின்றன. அதே வாரங்களில்தான் குட்டிகள் முதன்முதலாகப் புல்லைக் கடித்துப் பழகுகின்றன. தாயையும் குட்டியையும் ஒரே சிறிய திடலில் நாள்தோறும் விடுவோமாயின், தாய் விதைப்பதைக் குட்டி அறுவடை செய்கிறது.

பத்துத் துண்டு, மூன்றரை நாள்

இளம்புழுவிற்கு வாயுண்டு எனினும் உணவு கிடையாது. உடலில் சேமித்த சத்து தீரும்வரையே அது உயிர் வாழும். குளிர்நாடுகளில் அந்தச் சேமிப்பு பல மாதங்களுக்குத் தாங்கும். நம்மைப் போன்ற வெப்பமண்டலத்திலோ அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஐந்தாறு வாரங்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். நம்மை வருத்தும் வெயிலும் புழுக்கமும் இவ்வொரு வகையில் நமக்கு உதவியாக அமைந்துள்ளன.

ஆகவே முறை எளிதாகிறது. புதிய இளம்புழுக்கள் ஏறுவதற்கு முன்னரே, அதாவது நான்கு நாள்களுக்குள், ஆடுகளை அத்துண்டிலிருந்து அகற்றிவிட வேண்டும். ஐந்து வாரங்கள் கழியும்வரை அங்குத் திரும்ப விடக் கூடாது. பசிபிக் தீவு நாடான தோங்காவில் நடத்தப்பெற்று 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்துத் துண்டுக்கு மூன்றரை நாள் வீதம் ஆடுகளை மேய்த்தனர். ஒரே நிலத்தில் இடைவிடாது மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட, சுழன்று மேய்ந்தவற்றின் புழுக்கையில் முட்டைகள் பொதுவாகப் பாதிக்கும் குறைவாக இருந்தன. மருந்து தேவைப்பட்ட ஆடுகளும் குறைவு. அங்கும் நம் நாட்டைப் போலவே வெப்பமும் மழையும் மிகுதி என்பதால் இம்முடிவு நமக்கு மிகவும் பொருந்துவதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மூன்று வாரங்களில் புல் மீண்டும் தழைத்து அழகாக நிற்கும். “இனி விடலாம்” என்று மனம் சொல்லும். புல்லின் வளர்ச்சியை மட்டும் கருதினால் அது சரியே. மாடு வளர்ப்போர் பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் அந்த மூன்றாம் வாரத்தில் புல்லடியில் இளம்புழுக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. புல் சற்று முற்றினாலும் தாழ்வில்லை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தலே நன்று. முற்றிய தண்டை ஆடு கழித்துவிடும், அவ்வளவே.

பத்துத் துண்டுகளுக்கும் கம்பிவேலி அமைப்பது எல்லார்க்கும் இயலாது. முளையடித்துக் கயிற்றில் கட்டுவோரும் இதே முறையைக் கையாளலாம். ஐந்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டிய ஆடு ஏறத்தாழ 78 சதுர மீட்டர் வட்டத்தை மேயும். ஆட்டுக்குப் பத்து முளைகளை, வட்டங்கள் ஒன்றின்மீது ஒன்று படாத தூரத்தில் அடித்து, அவற்றில் எண் எழுதிவிட்டால் கணக்குத் தவறாது. கட்டிய ஆட்டிற்கு நிழலும் நீரும் எட்ட வேண்டும்; வெண்ணிறத் தோலுடைய சானன் ஆடு நண்பகல் வெயிலைத் தாங்காது. நாய்த்தொல்லை உள்ள இடங்களில் கட்டிவிட்டு அகலுதல் கூடாது. ஓய்வு முடிந்து திறக்கும் துண்டில் முதல் நாள் குட்டிகளையும், அடுத்தே பெரிய ஆடுகளையும் விடுவது சிறந்தது. புல் ஒரு சாண் உயரத்திற்குக் குறையத் தொடங்கியதும், நாள் கணக்கு முடியாவிடினும் ஆடுகளை மாற்றிவிட வேண்டும்.

பிரட்டு மணியும் பனித்துளியும்

புல்லில் ஈரமிருக்கும் வேளையில்தான் இளம்புழு மேலேறும். ஆகவே பனி உலர்ந்த பின்னரே ஆடுகளை அவிழ்க்க வேண்டும் என்று எல்லா நூல்களும் கூறும். ஆனால் பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் வேலைக்குப் புறப்பட வேண்டியவர்கள். போகும் அவசரத்தில் ஆடுகளை அவிழ்த்து விட்டுச் செல்வதே வழக்கமாகிவிட்டது. புழுவிற்கு இதைவிட ஏற்ற நேரம் வேறில்லை.

இதற்கு நேரத்தைப் புரட்டிப் போடுவதே வழி. முதல் நாள் பிற்பகலில் வெட்டி வைத்த தீனியைக் காலையில் கொட்டகைத் தொட்டியில் இட்டுவிட்டு வேலைக்குச் செல்லலாம். வேலை முடிந்து வந்து, நண்பகல் உணவிற்குப் பின், ஏறத்தாழ 2 மணிக்கு ஆடுகளை அவிழ்த்து, மாலை மழை வருமுன் அல்லது 5 மணியளவில் திரும்பக் கட்டலாம். மழை பெய்த நாளில் அவிழ்க்க வேண்டியதே இல்லை. கொட்டகை தரையிலிருந்து உயர்ந்து, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியுள்ள சட்டங்களாலான பரணாக இருப்பின் புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆடு அதன்மீது படுக்காது, அதனோடு கலந்த தீனியையும் உண்ணாது.

தீனியை நாமே வளர்த்தல்

மேய்ச்சலை மட்டும் நம்பிப் பால் கறக்க முடியாது என்பதே என் கருத்து. மேய்ச்சலை ஆட்டின் நடைக்கும் மனமகிழ்ச்சிக்கும் உரியதாகவும், தொட்டித் தீனியைப் பாலுக்கு உரியதாகவும் கருதுவோர் நட்டமடைவதில்லை.

ரும்புட் காஜா எனப்படும் நேப்பியர் புல்லே இதற்கு எளிதான பயிர். மூன்று கணுவுள்ள தண்டை இரண்டு கணு மண்ணுள் இருக்குமாறு சாய்த்து நட வேண்டும். ஆறு வாரத்திற்கு ஒருமுறை, அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்கலாம். எட்டு வாரத்தைத் தாண்டினால் எடை கூடும். ஆனால் தண்டு மரத்துப் புரதம் குறைந்துவிடும். நன்கு எருவிட்ட நிலத்தில் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்குப் பத்துக் கிலோ என்று குறைத்தே கணக்கிடுவோம். ஐந்து ஆடுகளின் தேவையில் பாதியை, அதாவது நாள்தோறும் 20 கிலோவைப் புல்லிலிருந்து பெற 730 சதுர மீட்டர் நிலம் போதும். அது ஓர் ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அந்நிலத்தை 42 பாத்திகளாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பாத்தியாக அறுத்து வந்தால், கடைசிப் பாத்தியை அறுக்கும்போது முதற்பாத்தி தயாராக நிற்கும். அறுத்த பாத்திக்கு ஆட்டெருவையே இடலாம். எனினும் பசும்புழுக்கையை இடாமல், குவித்து மூடி மட்கச் செய்த பின் இடுவதே புழுமுட்டைகளை அழிக்கும் வழி.

மறுபாதிக்கு மர இலைகளே தக்கவை. கிளைரிசிடியாக் கொம்புகளை வேலியோரம் நட்டால் அவை வேலிக்கு வேலியாகவும் தீனிக்குத் தீனியாகவும் பயன்படும். அதன் வாடையால் ஆடுகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓர் இரவு வாட வைத்துப் பிற இலைகளோடு கலந்து கொடுத்தால் சில நாள்களில் பழகிவிடும். பெத்தாய் பெலாலாங் என்னும் இப்பில் இப்பில் மரத்தின் இலை புரதம் மிக்கது. 1980-களின் நடுவில் செடிப்பேன் வகைப் பூச்சியொன்று தென்கிழக்காசியா எங்கும் இம்மரத்தைத் தாக்கியதால் அதனைப் பலர் கைவிட்டனர். இப்போதும் கிடைக்குமிடத்தில் பயன்படுத்தலாம்; ஆனால் அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சுப்பொருளைக் கருதி, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் கொடுத்தல் ஆகாது. அகத்தி, பலா, முருங்கை ஆகியவற்றைப் பற்றித் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளி இலையை வெயிலில் நன்கு வாட்டிய பின்னரே இடவேண்டும். பச்சையாக மிகுதியாக உண்டால் அதன் நஞ்சு ஆட்டைக் கொன்றுவிடும். காற்றில் முறிந்து விழுந்த ரப்பர்க் கிளையின் பச்சை இலையிலும் அதே வகை நஞ்சு உண்டு என்பது பலரும் அறியாதது.

எந்த இலையாயினும் அதைத் தரையில் எறியாமல், ஆட்டின் முகத்திற்கு நேராகக் கட்டித் தொங்கவிட வேண்டும். வாடை மிகுந்த இலைகளைக் கறந்த பிறகு கொடுத்தால் பாலில் மணம் ஏறாது.

மாட்டுப் பண்ணைகளில் புகழ்பெற்ற சிக்னல் புல்லை நம்பி ஆடு வளர்ப்போர் ஏமாறக் கூடாது. அது கல்லீரலைத் தாக்கும். மஞ்சட்காமாலையும், வெயில் பட்ட இடத்தில் முகமும் காதும் வீங்கிப் புண்ணாவதும் காணும். செம்மறிகளுக்கு அது பெருங்கேடு. வெள்ளாடுகளையும் முற்றாக விட்டுவிடுவதில்லை. உண்ணிச்செடியின் தீங்கும் ஏறக்குறைய இத்தகையதே.

களைக்கொல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முற்காலத்தில் லாலாங்கை அழிக்கத் தெளிக்கப்பட்ட சோடியம் ஆர்சனைட் கொடிய நஞ்சு. பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. இவை போய்விட்டமையால் இன்று தெளிக்கப்படும் மருந்துகள் எல்லாம் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது. தெளிப்பு அட்டவணையைக் கங்காணியிடமோ அலுவலகத்திலோ கேட்டறிந்து, மருந்துக் கலத்தில் குறித்துள்ள நாள்கள் கழியும்வரை அந்நிரையில் மேய்க்கவோ புல் அறுக்கவோ கூடாது.

புழு மருந்து கொடுப்பது எப்போது?

மாதந்தோறும் எல்லா ஆடுகளுக்கும் ஒருங்கே மருந்து புகட்டுவதைச் சிலர் பெருமையாகக் கூறுவர். அப்பழக்கத்தின் விளைவாக மருந்திற்கு அடங்காத புழுக்கள் நம் நாட்டு ஆடுகளில் 1990-களிலேயே கண்டறியப்பட்டுள்ளன. இமை வெளுத்த ஆட்டிற்கும், புழுக்கைச் சோதனையில் முட்டை மிகுந்து காணும் ஆட்டிற்கும் மட்டும் கொடுத்தல் போதும். கண்மதிப்பாக அன்றி, எடை பார்த்தே கொடுக்க வேண்டும். குறைந்த அளவு புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். செம்மறிக்குக் குறித்த அளவு வெள்ளாட்டிற்குப் பெரும்பாலும் போதுவதில்லை என்பதால் அளவைக் கால்நடை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலகத்திற்குச் செல்லும்போது, அன்று காலை விழுந்த பசும்புழுக்கையை ஆட்டிற்கொரு சிறு பிளாஸ்டிக் பையில் இட்டு, ஆட்டின் அடையாளத்தையும் தேதியையும் எழுதி, வெயில் படாமல் குளிர்ச்சியாக எடுத்துச் செல்ல வேண்டும். கடைசியாக எந்த மருந்து, எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய மருந்து தரப்படுமாயின், அதன்பின் எத்தனை நாள் அந்த ஆட்டின் பாலை அருந்தவோ விற்கவோ கூடாது என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.